வயது கடந்து படிப்போர்க்கு உதவி எங்கே?

நைனார்பாளையத்தைச் சார்ந்த ஒரு சகோதரி, தம் தமையனார் வாயிலாக ஒரு வினாவைக் கேட்டு அனுப்பியிருந்தார். பத்தாம் வகுப்பை முடிக்காமல் பள்ளியை விட்டவர், கணவரை இழந்தவர், தையல் தைத்துக் குழந்தைகளை வளர்ப்பவர். “மீண்டும் படிக்க விரும்புகிறேன். என் போன்றோர்க்கு உதவித்தொகை உண்டா? இந்த வயதில் கேட்பது வெட்கமாகாதா?” என்பதே அவ்வினா.

ஒரு வினாவாகத் தோன்றினும் இதனுள் இரண்டு உள்ளன. வெட்கத்தைப் பற்றியதற்கு முதலில் விடை காண்போம்.

திண்ணைத் தோழர்கள்

மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டி ஒரு திண்ணை இருந்தது. வீடும் வாசலும் இல்லாத ஏழை ஸஹாபாக்கள் அங்கே தங்கி மார்க்கக் கல்வி பயின்றனர். அவர்கள் சிறுவர்கள் அல்லர், வளர்ந்த மனிதர்கள். ஊரார் தம் வீட்டு உணவில் பங்கு தந்தும், பேரீச்சங் குலைகளைப் பள்ளிவாசலில் கொண்டுவந்து தொங்கவிட்டும் அவர்களைப் பேணினர்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டில், ஏறத்தாழ முப்பது வயதில் மதீனா வந்து அத்திண்ணையில் அமர்ந்தவர்களே. நாயகத்துடன் அவர்கள் இருந்தது சில ஆண்டுகள் மட்டுமே. எனினும், 5,374 நபிமொழிகள் அவர்கள் வழியாக நமக்குக் கிடைத்துள்ளன என்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். அன்று ஊரார் அளித்த அந்த உணவே, இன்று நாம் உதவித்தொகை என்று அழைப்பதன் மூத்த வடிவம் அன்றோ?

பின்னாளில், குராஸானின் ஷாஃபிஈ மத்ஹபு அறிஞர்களுக்குத் தலைமகனாய் விளங்கிய இமாம் கஃப்பால் அல்மர்வஸீ (ரஹ்), பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இருந்தவர். முப்பது வயதில்தான் கல்வியைத் தொடங்கினார். ஹிஜ்ரி 417-இல் அவர் மறைந்தபோது அவர் மாணவர்கள் நாடெங்கும் பரவியிருந்தனர். ஆகவே சகோதரியே, வெட்கப்பட ஏதுமில்லை.

உதவித்தொகையின் உண்மை நிலை

இனிப் பணத்தைப் பற்றிய வினாவுக்கு வருவோம். உண்மையை மறைக்காமல் கூறின், உதவித்தொகைகளிற் பெரும்பாலானவை பள்ளியிலிருந்து நேரே கல்லூரி செல்லும் இளையோரை எண்ணி வகுக்கப்பட்டவை. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் அளிக்கிறது. ஆயினும் அது, குறிப்பிட்ட பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்பில் சேரும் மாணவியர்க்கே உரியது. ஆராய்ச்சி மாணவர்க்கான மௌலானா ஆஸாத் தேசிய உதவித்தொகையோ 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே பழைய செய்தியை நம்பி அலையாமல், அவ்வவ்வாண்டின் அறிவிப்பை மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.

ஆனால், முதற்படிக்குப் பெருந்தொகை தேவையில்லை என்பதைப் பலர் அறியார். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம்; உயர்ந்தபட்ச வயது வரம்பு கிடையாது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டால் ஓராண்டு வீணாகும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி மற்றொரு வழி. 1989-இல் நிறுவப்பட்ட அந்நிறுவனத்திலும் வயது தடையில்லை.

படிகளைத் தாண்டிச் செல்லலாகாது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம், 2009-ஆம் ஆண்டின் தமிழக அரசாணைப்படி அரசுப் பணிக்கு ஏற்கப்படுவதில்லை. குறுக்கு வழியில் பட்டம் பெற்றோர் பின்னர் வருந்துவர்.

பத்தாம் வகுப்பைக் கடந்த சிறுபான்மை மாணவர்க்காக மத்திய அரசு 2007-இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம், முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்ப வருமானமும் கேட்டது. எனவே, தேறினால் மட்டும் போதாது. நல்ல மதிப்பெண்ணுடன் தேறுவதே அடுத்த படிக்கு உதவும். வருமானச் சான்று, சாதிச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, தம் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றை இன்றே சேர்த்து வைத்துக்கொள்க. கடைசி நாளில் ஓடுவோர்க்குச் சான்று கிடைப்பதரிது.

ஜமாஅத்தின் கடமை

எஞ்சியது நம் பொறுப்பு. தேர்வுக் கட்டணம், நூல்கள், பேருந்துச் செலவு இவற்றின் மொத்தம், நம் திருமண வீடுகளில் ஒரு வேளை வீணாகும் உணவின் விலையை எட்டாது. ஜகாத் பெறுவோர் எட்டு வகையினர் எனத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் வகுத்துள்ளது. அவருள் முதலாமவர் ஏழைகள். ஏழையாயிருப்பவர் உலகக் கல்வி பயின்றாலும், ஏழை என்னும் தகுதியிலேயே ஜகாத் பெறலாம். ஹனஃபீ சட்டப்படி அப்பணத்தை அவருக்கே உடைமையாக்கிக் கொடுத்துவிட வேண்டும்; கட்டணத்தை அவர் செலுத்திக்கொள்வார். ஜகாத்தில் சேராதோர்க்கு ஸதகாவும், வட்டியில்லாக் கடனும் உண்டு.

ஒவ்வொரு மஹல்லாவிலும் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்கள் எத்தனை பேர் என்று நிர்வாகிகள் கேட்டறிந்ததுண்டா? பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளை எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? கேட்க நாணும் ஒரு கைம்பெண், தம் தமையனை அனுப்பிக் கேட்க வேண்டிய நிலையை மாற்றுவது நம் கையில் உள்ளது.

அன்று மதீனத்து மக்கள் திண்ணைத் தோழர்களுக்குச் செய்ததை, இன்று நாமும் நம் ஊரிற் செய்ய வல்ல அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.