கொலராடோ ஆறு: மீன்களுக்கான நீர்

பாலிசேட் ஊரருகே உள்ள பாசன அணைகளிலிருந்து, கிராண்ட் ஜங்ஷனில் கன்னிசன் ஆறு வந்து கலக்கும் இடம் வரை ஏறத்தாழ 15 மைல் நீளும் இவ்வாற்றுப் பகுதி, அழியும் நிலையிலுள்ள கொலராடோ பைக்மின்னோ, ரேசர்பேக் சக்கர் ஆகிய மீன்களின் வாழிடமாகும். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததும் ஒருகாலத்தில் 6 அடி வரை வளர்ந்ததுமான பைக்மின்னோ, பனியுருகி வரும் வெள்ளம் வண்டலை அகற்றித் தூய்மையாக்கிய கூழாங்கல் படுகைகளிலேயே முட்டையிடுகிறது.

கோடையின் பிற்பகுதியில் அவ்வெள்ளம் வடிந்துவிட, கால்வாய்கள் வயல்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் நீரைத் திருப்புவதால், இங்கு ஓட்டம் வெகுவாகக் குறைகிறது. கொலராடோ மாநிலச் சட்டப்படி முதலில் நீரெடுத்தவருக்கே முதல் உரிமை; ஆற்றிலிருந்து நீரை வெளியே எடுத்துப் பயன்படுத்தினால்தான் உரிமை பிறக்கும் என்பதால், ஆற்றுக்குள்ளேயே வாழும் மீனுக்கு அதில் இடமில்லாதிருந்தது. இக்குறையை நீக்கிய 1973ஆம் ஆண்டுச் சட்டம், நீரை ஆற்றிலேயே ஓடவிடுவதற்கான ‘ஆற்றோட்ட உரிமை’யைப் பெறும் அதிகாரத்தை மாநில நீர்ப் பாதுகாப்பு வாரியத்துக்கு வழங்கியது. எனினும், 1990களில் இப்பகுதிக்குப் பெறப்பட்ட உரிமை, 1880களிலேயே வெட்டப்பட்ட கால்வாய்களின் உரிமைக்குப் பிற்பட்டது. வறண்ட ஆண்டில் அது மட்டும் போதாது. ஆகவே 1988இல் தொடங்கிய மீன் மீட்புத் திட்டத்தின்கீழ், ரூடை போன்ற மேற்புற நீர்த்தேக்கங்களிலிருந்தும் நீர் திறந்துவிடப்படுகிறது.

தூண்டிலில் இம்மீன்கள் சிக்கினால் உடனே காயமின்றி ஆற்றில் விட்டுவிடவும்.