கடைசிக்கால வலிக்கு மார்ஃபின்

முற்றிய புற்றுநோயின் வலி, அடிபட்டு வரும் வலியிலிருந்து வேறுபட்டது. அடிபட்ட வலி, காயம் ஆற ஆறக் குறையும். எலும்பிலும் நரம்பிலும் கட்டி பரவி உண்டாக்கும் வலியோ நாளுக்கு நாள் கூடும், தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கொல்லும், நோயாளியைப் பேச்சற்றவராக்கும். நோயைக் குணப்படுத்த முடியாத கட்டத்திலும் இந்த வலியைப் பெரும்பாலானோருக்குக் கட்டுக்குள் கொண்டுவர முடியும். பேலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புச் சிகிச்சையின் முதல் வேலை இதுதான்.

இத்துறைக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். 1967இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி தாங்காமல் நோயாளி கேட்ட பிறகே மார்ஃபின் ஊசி போடுவது அன்றைய வழக்கம். வலி திரும்பும் முன்பே, குறித்த நேரத்தில், வாய்வழியாக மருந்து கொடுக்க வேண்டும் என்றார் அவர். உடல் வேதனையோடு பயம், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பு ஆகியவையும் சேர்ந்ததே முழு வலி என்பதும் அவர் கருத்து.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு மருந்து கொடுக்கும் முறையை மூன்று படிகளாக வகுத்தது. லேசான வலிக்குப் பாராசிட்டமால் போன்றவை. நடுத்தர வலிக்குக் கோடீன் வகை. கடும் வலிக்கு மார்ஃபின். நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை துணை சேரும். எலும்பு வலி பலருக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சிலேயே தணியும்.

அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபின், தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள ஓபியாய்டு ஏற்பிகளில் ஒட்டி, வலிச் செய்தி கடத்தப்படுவதைக் குறைக்கிறது. சாதாரண மாத்திரையின் பலன் ஏறத்தாழ 4 மணி நேரம் நிற்கும். ஆகவே காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று வேளை குறித்துக் கொடுப்பார்கள். நள்ளிரவு தாண்டி நோயாளியை எழுப்ப வேண்டாம் என்பதற்காக, 10 மணி வேளைக்கு இரட்டிப்பு அளவு கொடுப்பதுண்டு. இடையில் வலி தலைதூக்கினால், ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகத் தரப்படும். முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் மிகச் சிறிய அளவில் தொடங்குவார்கள். மருந்தின் சிதைபொருள்கள் உடலில் தேங்கிவிடும் என்பதே காரணம்.

முதல் சில நாள்களின் குமட்டலும் மயக்கமும் தானே குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. அதனால் மார்ஃபின் எழுதும் சீட்டிலேயே மலமிளக்கியும் எழுதப்படும். மார்ஃபின் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்பது குடும்பத்தாரின் பொதுவான பயம். வலிக்கேற்பச் சிறிது சிறிதாக அளவைக் கூட்டினால் மூச்சு அடங்கும் ஆபத்து மிகக் குறைவு. தீராத மூச்சுத்திணறலுக்கும் இதே மருந்து சிறிய அளவில் கொடுக்கப்படுகிறது. முகத்துக்கு நேரே ஒரு சிறு விசிறியைச் சுழல விட்டாலும் திணறல் உணர்வு குறையும். கன்னத்து நரம்புகளில் குளிர்ந்த காற்று படுவதே காரணம்.

இறுதி நாள்களில் பசியும் தாகமும் அடங்கிவிடும். வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். ஏற்றும் குளுக்கோஸ் நீர் நுரையீரலில் தேங்கக்கூடும். வாயையும் உதட்டையும் அடிக்கடி நனைத்துத் துடைப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப் புண் வராமல் காப்பது ஆகியவையே அப்போது நோயாளிக்கு உதவும்.

மார்ஃபினுக்கு மூலமான அபின், இந்தியாவில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு விளைகிறது. ஆனாலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் பல உரிமங்கள் தேவைப்பட்டு, பெரும்பாலான மருத்துவமனைகள் மார்ஃபினைக் கையிருப்பில் வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் வந்த திருத்தம் நாடு முழுவதற்கும் ஒரே விதியைக் கொண்டுவந்து அந்தச் சிக்கலைக் குறைத்தது.

கேரளம் அதற்கு முன்பே வேறு வழி கண்டிருந்தது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அமைப்பிலிருந்து, பயிற்சி பெற்ற ஊர்த் தன்னார்வலர்கள் செவிலியர்களோடு வீடு வீடாகச் செல்லும் முறை வளர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டிலேயே தரும் நோய்த்தணிப்புச் சிகிச்சை இடம்பெற்றுள்ளது.

மற்ற வைத்தியமெல்லாம் கைவிட்ட பிறகே இச்சிகிச்சை என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் உண்டு. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரை இரு பிரிவாக்கியது. வழக்கமான சிகிச்சையோடு நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் தொடக்கத்திலேயே பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. கடைசிக்காலத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைந்தன. அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். தீராத நோய் என்று தெரியவந்த நாளிலேயே, மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்து இதையும் தொடங்குவதே இப்போதைய பரிந்துரை.