ஒரு தட்டின் அளவு

(அடுப்பங்கரை அனுபவங்கள் – 7)

சென்ற வாரம், வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க சிறிய போறணைக்குள் உஷ்ணம் எவ்வாறு பரவுகிறது என்பதைப் பார்த்தோம். ('அவன்' என்று எழுதினால் ஆளையா அடுப்பையா என்ற மயக்கம் வரிக்கு வரி நேர்வதால், போர்த்துக்கீசியரின் 'ஃபோர்னோ'வை யாழ்ப்பாணத்தார் தம் நாவுக்கு இசைவாக்கிக்கொண்ட 'போறணை' என்ற சொல்லையே இத்தொடர் முழுவதும் கையாண்டு வருகிறேன்.) இந்த வாரம் அதற்குள்ளே வைக்கும் பண்டத்தின் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறைவாகச் செய்வதென்பது நிறையச் செய்வதைச் சுருக்கிக்கொள்வது மாத்திரமே என்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அது தனக்கென்று கணக்கும் பக்குவமும் உடைய வேறொரு தொழில்.

நம் வீடுகளில் பலகாரம் என்றாலே டின் கணக்குத்தான். தீபாவளிக்கு நான்கு நாள் முன்னதாக வாணலியை ஏற்றினால், முறுக்கும் தட்டையும் சீடையும் மிக்ஸருமாக, உற்றார் உறவினர் அண்டை அயலார் அனைவருக்கும் பங்கு போட்டு, கார்த்திகை வரையில் மிச்சமும் இருக்கும்படி செய்து குவிப்பது பாட்டிமார் காலத்து வழக்கம். ஒரு முறை காய்ந்த எண்ணெயை மறுநாள் மறுபடி காய்ச்சப் பிரியப்படாத சிக்கன புத்தியும் அதற்கு ஒரு காரணம். எண்ணெய்ச் சட்டிக்கு அந்த முறை பொருந்தும், போறணைக்குப் பொருந்தாது. விறகு எரிக்கும் பேக்கரிகளில் செங்கல்லால் கட்டிய சூளை இருக்கிறதே, அதன் உள்ளேயே தீ மூட்டி, சுவர்களும் தளமும் உஷ்ணத்தை நன்றாகக் குடித்த பிறகு தணலை வாரிவிட்டு, முதல் வேகத்தில் ரொட்டியும், சூடு சற்று இறங்கியதும் பன்னும் பிஸ்கட்டும், இரவு முழுவதும் ஆறிக்கொண்டிருக்கும் மிச்ச வெப்பத்தில் ரஸ்க்குமாக, ஒரே தீயை ஒரு நாள் முழுவதும் செலவழிப்பார்கள். அவ்வளவு விறகை எரித்துவிட்டுப் பன்னிரண்டு பிஸ்கட் சுடுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நம் வீட்டு மேஜையில் இருப்பதோ மெல்லிய தகரச் சுவர். கதவைத் திறந்த மாத்திரத்தில் அதன் உஷ்ணத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும். அதில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு தட்டு வைத்தால், கீழ்த்தட்டு அடியில் கருகும், மேல்தட்டு முகம் கருகும், இரண்டின் நடுவிலும் வெளுத்துக் கிடக்கும். ஆகவே வீட்டுப் போறணையின் இயற்கையான அளவு ஒரு தட்டு.

இந்தப் பாடத்தை எனக்கு முதலில் கற்பித்தவர், போறணை என்ற ஒன்றைத் தம் வாழ்நாளில் வாங்கியே இராத என் பெரியம்மா. பாளையங்கோட்டையில் அவர் வீட்டு அடுப்படியில், அடி கனத்த பழைய இரும்புச் சட்டி ஒன்று இதற்கென்றே தனியாக இருந்தது. ஆற்று மணலைச் சலித்து, நாலைந்து தண்ணீர் கழுவி, வெயிலில் உலர்த்தி, சட்டியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் முக்காலி போன்ற சிறிய கம்பி வளையத்தை வைத்து, மூடிபோட்டு மெல்லிய தீயில் அரைமணி நேரம் காயவிடுவார். மூடியின் மேல் கொஞ்சம் கரித்தணல். சூடு பக்குவத்துக்கு வந்துவிட்டதா என்று அறிய, மைதாவில் ஒரு சிட்டிகையைக் காகிதத் துண்டில் வைத்து உள்ளே இறக்கி, மெதுவாக எண்ணத் தொடங்குவார்; மாவு எந்த எண்ணிக்கையில் பழுப்பேறுகிறது என்பதே அவருடைய உஷ்ணமானி. அதன் பிறகு எட்டு அல்லது பத்து நெய் பிஸ்கட் அடங்கிய ஓர் அலுமினியத் தட்டு உள்ளே போகும். குழந்தைகளாகிய நாங்கள் ஆறு பேர் சுற்றி நிற்போம். ஒருமுறை நான் பொறுக்கமாட்டாமல், "பெரியம்மா, இன்னொரு தட்டும் சேத்து வெச்சா என்ன?" என்று கேட்டேன்.

"இருக்கது ஆறு வாயி. அதுக்கு எதுக்கு ரெண்டு தட்டு? நாளைக்கு அடுப்பு எரியாதாக்கும்?" என்றார் பெரியம்மா. "மூடியத் தொறக்காத, சூடு ஓடிப் போயிரும்."

நாளைக்கும் அடுப்பு எரியும் என்ற அந்தச் சொல்லின் அருமை, நானே தனியாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் விளங்கிற்று. நாற்பது பிஸ்கட்டை ஒருசேரச் சுட்டுப் பிழை செய்தவர், அந்த நாற்பதும் தீரும் வரையில் மறுபடி மாவைத் தொடமாட்டார். பத்து நாள் கழித்துத் தொடும்போது, முதல் முறை என்ன செய்தோம் என்பது மறந்தே போயிருக்கும். பத்துப் பிஸ்கட் செய்தவரோ, நெய் சற்று அதிகமென்று இன்று கண்டதை நாளையே திருத்திக்கொள்கிறார். கை பழகுவது இவ்விதமாகத்தான்.

இனி, நெய் பிஸ்கட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வடநாட்டார் இதை 'நான்கத்தாய்' என்பார்கள். சூரத் நகரத்தில் டச்சுக்காரர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துவந்த பேக்கரி, அவர்கள் ஊரை விட்டுப் போனபோது பரம்ஜி பெஸ்தோன்ஜி தோட்டிவாலா என்ற பார்ஸியின் கைக்கு வந்ததென்றும், வாங்குவாரின்றித் தங்கிய ரொட்டிகளை உலர்த்தி விற்கப்போக, அந்த உலர்ந்த பதத்துக்கே ஜனங்கள் ஆசைப்பட்டார்களென்றும், அதிலிருந்து படிப்படியாக வந்ததே இந்தப் பண்டம் என்றும் அந்த ஊரில் ஒரு வரலாறு வழங்கிவருகிறது. பிஸ்கட் என்ற சொல்லுக்கே 'இருமுறை வெந்தது' என்பதுதானே லத்தீன் மூலத்தில் அர்த்தம்!

பன்னிரண்டு பிஸ்கட்டுக்கு, மைதா 100 கிராம், கடலை மாவு 20 கிராம், ரவை 10 கிராம், பொடித்த சீனி 60 கிராம், நெய் 75 கிராம், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், ஏலக்காய் இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை. இவற்றுள் சர்வ முக்கியமானது நெய்யின் நிலைமை. அது உருகியும் இருக்கக்கூடாது, கல்லாக இறுகியும் இருக்கக்கூடாது. மார்கழிக் காலையில் பரணியைத் திறந்தால் மணல் மணலாகத் திரண்டு, விரலால் அழுத்தினால் இசைந்து கொடுக்குமே, அந்தப் பதம் வேண்டும். சீனித் துகளின் கூர்மையான விளிம்புகள் நெய்யைக் கிழித்துக்கொண்டு போகும் வழியெல்லாம் சிறு சிறு காற்றறைகள் உண்டாகின்றன. நாம் ஐந்து நிமிஷம் தேய்க்கத் தேய்க்க நெய் வெளுத்துப் பொங்கிவருவது அந்தக் காற்றினால்தான். பின்னால் போறணையின் உஷ்ணத்தில் விரிந்து பிஸ்கட்டை லேசாக்குவதும் அதே காற்றுதான். உருகிய நெய்யில் காற்றுத் தங்காது. நம்மூர்ச் சித்திரை வெயிலில் நெய் தானாகவே உருகி ஓடும் ஆதலால், அந்த மாதங்களில் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீருக்குள் இருத்தித் தேய்க்க வேண்டும். பெரியம்மா விடியற்காலையில் தேய்த்துவிடுவார்; ஏனென்று அப்பொழுது நான் கேட்டதில்லை.

நெய் தேறிய பிறகு மாவைச் சேர்த்து, ஒன்றுகூடும் அளவுக்கு மட்டும் விரல் நுனியால் பிசிற வேண்டும்; சப்பாத்திக்குப் போல அடித்துப் பிசைந்தால் காரியம் கெட்டது. கொழுப்பு மாவுத் துகளைச் சுற்றி மூடிக்கொள்வதனால் நீர் உட்புகாமல், கோதுமையின் பசை இழைகள் நீளாமல் நின்றுபோகின்றன. பிஸ்கட் வாயில் பொலபொலவென்று உதிர்வதன் ரகசியம் அவ்வளவே. உருட்டி, சற்றே தட்டி, இடம்விட்டு அடுக்கி, முன்கூட்டியே காய்ந்த போறணையில் 160 டிகிரியில் பதினெட்டு முதல் இருபது நிமிஷம். வெளியே எடுத்தவுடன் விரலுக்குப் பச்சை மாவுபோல் இளகியிருக்கும். வேகவில்லையென்று பயந்து மறுபடி உள்ளே தள்ளிக் கருக்கிவிடுகிறவர்கள் அநேகர். அது வேகாத இளக்கமன்று, நெய் உருகியிருக்கும் இளக்கம். தட்டிலேயே பத்து நிமிஷம் ஆறினால் தானாக இறுகும்.

அளவைக் குறைக்கும்போது நேர்கிற இடர்ப்பாடுகளில் பெரியது உப்பும் சோடாவும் பற்றியது. ஐந்து கிலோ மாவு போடுகிற இடத்தில் உப்பு இரண்டு கிராம் கூடினால் யாருக்கும் தெரியாது. நூறு கிராம் மாவில் அந்த இரண்டு கிராம் பண்டத்தை வாயில் வைக்கவொட்டாமல் செய்துவிடும். அளவு சிறுக்கச் சிறுக்க, அளத்தல் நுட்பமாக வேண்டும். டம்ளரும் கைப்பிடியும் விருந்துச் சமையலுக்குப் போதும். சிறிய அளவில் செய்பவர் ஒரு கிராம் வரை காட்டும் தராசு ஒன்றை வாங்கிக்கொள்வதே நலம். முட்டை இன்னொரு சங்கடம். பாதி அளவுக்கு ஒன்றரை முட்டை என்று கணக்கு வந்தால், அரை முட்டைக்கு எங்கே போவது? ஒரு முட்டை ஓடு நீங்கலாக ஏறக்குறைய 50 கிராம் நிற்கும். அடித்துக் கலக்கி, 25 கிராமை நிறுத்து ஊற்றிக்கொண்டு, மிச்சத்தை மாலை ஆம்லெட்டுக்கு வைக்கலாம். கேக் அச்சிலும் கண்ணை நம்பலாகாது. எட்டு அங்குல அச்சை விட்டு ஆறு அங்குல அச்சுக்கு வருகிறவர், கால் பங்கு குறைந்தது என்று நினைத்து மாவைக் கரைத்துவிட்டு, அது விளிம்பு தாண்டி வழிவதைப் பார்த்து நிற்பார். பரப்பு அகலத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவது. அறுபத்து நான்குக்கு முப்பத்தாறு என்பது பாதிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் நேரம் இந்த விதமாகச் சுருங்குவதில்லை. பிஸ்கட் பன்னிரண்டானாலும் ஆறானாலும் ஒன்றின் கனம் மாறாதவரை வேகும் நேரமும் அநேகமாக மாறாது.

பேக்கிங் பவுடரைக் குறிப்பிட்டேன். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் மருந்து வியாபாரியாயிருந்த ஆல்பிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு, முட்டையும் ஆகாது, ஈஸ்ட்டும் ஆகாது. முட்டையில்லாத கஸ்டர்டு பொடியை 1837-இலும், ஈஸ்ட்டில்லாமல் மாவை எழுப்பும் பொடியை 1843-இலும் அவர் தயாரித்தது அந்த அம்மாளுக்காகத்தான். இன்று உலகத்துப் பேக்கரிகளெல்லாம் மூட்டை மூட்டையாக வாங்குகிற ஒரு பொருள், வயிறு ஒத்துழைக்காத ஒரே ஒரு மனுஷிக்காக ஒரு வீட்டிலே பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

இனிப்புக்கு நெய் பிஸ்கட் என்றால், காரத்துக்குப் பெங்களூர் ஐயங்கார் பேக்கரிகளின் காரா பிஸ்கட்டுக்கு நிகரில்லை. 1898-இல் திருமலாச்சார் என்பவர் அந்நகரின் சிக்பேட்டையில் தொடங்கிய பி.பி. பேக்கரியை அம்மரபின் முன்னோடியாகச் சொல்லுவார்கள். ஹாசன் பக்கத்துக் குடும்பங்கள் பல அதைத் தொடர்ந்து, முட்டை கலவாத பண்டங்களுக்கென்று பெயர் எடுத்தன. வீட்டில் செய்ய, மைதா 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், கெட்டித் தயிர் ஒரு மேஜைக்கரண்டி, சீனி இரண்டு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சோடா ஒரு சிட்டிகை, பச்சைமிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி. தயிரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து வாயுவை உண்டாக்குவதால் வேறொன்றும் வேண்டுவதில்லை. இலைகளைக் கழுவிய ஈரம் போகத் துணியில் ஒற்றி எடுப்பதில் மட்டும் சிரத்தை வேண்டும். அந்த ஈரம் உள்ளே ஆவியாகி நின்றால் பிஸ்கட் மறுநாளே நமுத்துவிடும். கால் அங்குலக் கனத்தில் தேய்த்து, வட்டமாக வெட்டி, முள்கரண்டியால் குத்தி, 170 டிகிரியில் ஓரம் சிவக்கும்வரை விட்டால், பதினைந்து பதினெட்டு நிமிஷத்தில் கறிவேப்பிலை வாசனை வாசல்வரை வரும்.

டிகிரி என்று நான் எழுதுகிறேனே தவிர, போறணையின் திருகு காட்டும் எண்ணை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். என்னிடமுள்ளது இருபது டிகிரி கூடுதலாக எரிகிறது என்பதை அறிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. சீனி உருகுவது சுமார் 186 டிகிரியில். ஒரு கரண்டிச் சீனியைச் சிறு தட்டில் பரப்பி, 175-இல் கால்மணி நேரம் வையுங்கள், உருகக்கூடாது. பிறகு 190-இல் கால்மணி நேரம், உருக வேண்டும். முதலாவதிலேயே உருகினால் உங்கள் அடுப்பு மிஞ்சுகிறது, இரண்டாவதிலும் உருகாவிட்டால் குறைகிறது.

பன்னிரண்டும் இன்றைக்கு வேண்டாமென்றால், பிசிறிய மாவை நீளமாக உருட்டி, ஈரம் புகாமல் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, ஆறு வில்லைகளை இன்றும் ஆறு வில்லைகளை நாளை மறுநாளும் அரிந்து சுடலாம். மூன்று நான்கு நாள் கெடாது. பெரியம்மாவிடம் குளிர்பெட்டி இல்லை. மிச்ச மாவு என்பதே இல்லாதபடி அவர் அளந்துகொண்டார். தட்டை இறக்கியதும் ஒன்றை மட்டும் பிட்டு, நடுவில் வெந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, அந்த இரண்டு துண்டில் ஒன்றைத் தாம் வாயில் போட்டுக்கொண்டு மற்றதை எங்களில் யார் அன்று அழுதிருந்தார்களோ அவர்களுக்குக் கொடுப்பார்.

அடுத்த வாரம் ஈஸ்ட்டுக்குப் போகிறோம். போறணை இல்லாதவர்கள் அதற்குள் மணலைச் சலித்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள்.