கட்டிப்போன துப்பாக்கித் திருகு: பலத்தால் அல்ல, பக்குவத்தால் கழற்ற வேண்டும்!

- நமது கொல்கத்தா நிருபர் -

"ஜோர் கொரோ நா, பாபு, ஜோர் கொரோ நா!"

மத்திய கொல்கத்தாவில் பழைய துப்பாக்கிக் கடை ஒன்றின் பின்கட்டில் வேலை பார்க்கும் முதிய மிஸ்திரி இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் 'ஜோர்' என்றால் பிரமாதம். வங்காளிகளுக்கு 'ஜோர்' என்றால் பலவந்தம். "பலவந்தம் செய்யாதே" என்பதுதான் அவர் சொன்ன பாடம். அந்தப் பாடம் என் அத்தானுக்கு முன்பே தெரிந்திருந்தால், அவருடைய இடது கையில் இன்றைக்கு ஐந்து விரல்களும் இருந்திருக்கும்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் என் தாய்மாமாவுக்கு நிலக்கடலைக் கொல்லை உண்டு. காட்டுப்பன்றிகளைச் சத்தம் போட்டு விரட்டுவதற்காக லைசென்ஸ் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய ரகம். மாமாவுக்கு வயதானபின் முறைப்படி அது அவர் மகன் பெயருக்கு மாறியது. வெகுநாள் தொடாமல் கிடந்த துப்பாக்கியைச் சுத்தம் செய்ய எண்ணினார் அத்தான். குழலின் பின்பக்கத் திருகு அசையவில்லை. உலையில் காட்டினால் இளகும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். காட்டினார்கள். மாமா கடைசியாகக் கெட்டித்த மருந்து உள்ளேயே இருந்தது ஒருவருக்கும் தெரியாது. குழல் வாயருகே பிடித்திருந்த கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

விடுமுறைக்கு ஊர் போகும் நம்மவர்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தா காலத்துத் துப்பாக்கி இருக்கலாம். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

அந்தத் திருகு எதற்கு?

வாய்வழித் துப்பாக்கியின் குழல் இரு பக்கமும் திறந்த இரும்புக் குழாய்தான். பின்பக்கத்தை மரை வெட்டிய கெட்டியான திருகு ஒன்றால் அடைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்குப் 'பிரீச் பிளக்' என்று பெயர். மருந்து வெடிக்கும்போது ரவையை முன்னால் தள்ளும் அதே அழுத்தம் இந்தத் திருகையும் பின்னால் தள்ளுகிறது. அதன் பின்னால் இருப்பது சுடுபவரின் முகம்! மரை துருப்பிடித்து அரித்துப்போயிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தத் திருகின் அருமையை ஜப்பானியர் நன்கு அறிவார்கள். 1543-இல் தனேகாஷிமா தீவில் வந்து இறங்கிய போர்த்துகீசியரிடமிருந்து இரண்டு துப்பாக்கிகளை அத்தீவின் தலைவர் வாங்கினார். அதைப் போலவே செய்ய யாயிதா கின்பே என்ற கொல்லர் முயன்றார். குழலை அடித்துவிட்டார், பின்பக்கத்தை அடைக்கும் மரைத்திருகு மட்டும் வசப்படவில்லை. அந்த வித்தையைக் கற்பதற்காகத் தம் மகளையே போர்த்துகீசியர் ஒருவருக்கு மணம் செய்து கொடுத்தார் என்று இன்றும் அங்கே கதை சொல்கிறார்கள். கதை எப்படியானாலும், திருகுதான் துப்பாக்கிக்கு உயிர் என்பதில் சந்தேகமில்லை.

ஏன் கட்டிக்கொள்கிறது?

குற்றவாளி மருந்துதான். கரிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். ஒரு காலத்தில் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது இந்த வெடியுப்புதான்.

இந்த மருந்து முழுவதும் புகையாகிப் போய்விடுவதில்லை. எடையில் பாதிக்கு மேல் உப்பும் கசடுமாக மாறுகிறது, அதில் ஒரு பகுதி குழலிலேயே தங்கிவிடுகிறது. அந்த உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொல்கத்தாவின் மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படிக் கசிகிறது என்று நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். குழலுக்குள் நடப்பதும் அதுவே. கசிந்த உப்பு நீர் மரையின் இடுக்கில் இறங்குகிறது, துரு பிடிக்கிறது, துரு பருத்து, திருகையும் குழலையும் ஒன்றாக ஒட்டவைத்துவிடுகிறது. கரிமருந்துக்குப் பதிலாக இக்காலத்தில் விற்கும் மாற்று மருந்துகள் சிலவும் இந்த விஷயத்தில் சளைத்தவை அல்ல.

மருந்துக் கசடை இளக்கக் கொழுப்புத் தடவும் வழக்கம் நம் சரித்திரத்தையே புரட்டிப் போட்டிருக்கிறது. இன்று நாம் விமானம் ஏறப்போகும் டம் டம்மில், 1857 ஜனவரியில் சிப்பாய்களுக்குப் புதிய என்ஃபீல்டு துப்பாக்கியில் பயிற்சி தொடங்கினார்கள். கசடு படிந்த குழலில் குண்டு சிக்காமல் இறங்குவதற்காகத் தோட்டாக் காகிதத்தில் கொழுப்பு தடவ வேண்டியிருந்தது. அது பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்ற பேச்சு டம் டம்மில் கிளம்பிப் பாரக்பூருக்குப் பரவியது. மார்ச் 29-இல் அங்கே மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். மற்றது நாடறிந்த கதை.

வருமுன் காப்பது

மிஸ்திரி சொன்ன முறைகள் எளியவை.

சுட்ட அன்றே சுத்தம் செய்ய வேண்டும். நாளைக்கு என்று தள்ளக்கூடாது. குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, கேப்பு மாட்டும் நிப்பிளைக் கழற்றி, சோப்புக் கலந்த வெந்நீரால் கழுவ வேண்டும். பலரும் எண்ணெயை மட்டும் ஊற்றித் துடைக்கிறார்கள். அது தவறு. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். நல்ல சூடான நீர் என்றால் இரும்பும் சூடேறி ஈரம் விரைவில் உலர்ந்துவிடும். நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே எண்ணெய்.

பழைய நாட்டுத் துப்பாக்கிகளில் பின்திருகை அடிக்கடி கழற்றத் தேவையில்லை, கழற்றவும் கூடாது. கழற்றிக் கழற்றி மாட்டினால் மரை தேய்ந்து ஆட்டம் காணும். அதை உரிய காலத்தில் மிஸ்திரியே கழற்றிப் பார்க்கட்டும்.

1985-இல் அமெரிக்காவில் வந்த நைட் எம்.கே. 85 போன்ற புதிய ரகங்களின் கதை வேறு. அவற்றின் திருகு கழற்றுவதற்கென்றே செய்தது. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் கழற்றி, பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸ் பூசி, அளவான இறுக்கத்தில் மாட்ட வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ரயில்வே ஞாபகம் வந்தது. தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டுகளை ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்து அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் கழற்றுவார்கள். பென்சிலில் இருக்கிறதே கிராஃபைட், அதை மண்ணெண்ணெயில் குழைத்துத் தகட்டில் பூசி, போல்ட்டுக்கு எண்ணெய் போட்டு மாட்டுவார்கள். செய்யாமல் விட்டால் போல்ட் இறுகிக்கொள்ளும். வெயிலில் தண்டவாளம் நீள இடமிருக்காது. ரயிலுக்கும் துப்பாக்கிக்கும் இரும்பின் நியாயம் ஒன்றுதான்.

வந்தபின் தீர்ப்பது

முதல் வேலை ஸ்பானரைத் தேடுவது அல்ல. உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது!

கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் மெல்ல இறக்கி, அது நிற்குமிடத்தில் குழல் வாய்க்கு நேராகக் கம்பியில் அடையாளம் போடவும். பிறகு கம்பியை வெளியே எடுத்துக் குழலின் மேலேயே வைத்து அளக்கவும். கம்பி முனை நெருப்புத் துவாரம் வரை எட்டினால் குழல் காலி. இரண்டு விரற்கடை குறைந்தால்கூட உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பிறகு சுடுவதோ, தட்டுவதோ, நெருப்பருகே கொண்டுபோவதோ கூடாது. லைசென்ஸ் பெற்ற மிஸ்திரியிடம் சேர்ப்பிப்பதே வழி.

காலி என்று உறுதியான பின் மிஸ்திரி என்ன செய்கிறார்? சில துப்பாக்கிகளில் நிப்பிள் பொருத்திய உருளை, குழலைத் துளைத்துப் பின்திருகுக்குள்ளும் நுழைந்திருக்கும். அதை முதலில் எடுக்காமல் திருகினால் இரண்டும் பாழ். அடுத்து, திருகும் குழலும் சேருமிடத்தில் பழைய ஆசாரிகள் போட்ட கோடு இருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லையென்றால் தாமே ஒன்று போடுகிறார். மீண்டும் மாட்டும்போது கோடும் கோடும் நேராக வர வேண்டும்.

பிறகு இடுக்கில் ஊடுருவும் எண்ணெய் விட்டு நாட்கணக்கில் ஊறப்போடுகிறார். தினமும் சிறிது எண்ணெய். பித்தளைச் சுத்தியலால் இலேசாகச் சில தட்டு. அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். வைஸில் ஈயத்தகடோ தோலோ வைத்து, குழலைப் பின்முனைக்கு அருகிலேயே பிடிக்கிறார். தள்ளிப் பிடித்தால் குழல் முறுக்கிக்கொள்ளும். திருகின் தலையில் கச்சிதமாக உட்காரும் ஸ்பானர், நீண்ட கைப்பிடி, நிதானமான இழுப்பு. முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம், பிறகு தளர்த்தும் பக்கம். அசையவில்லையா? மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு.

சூடு கடைசி ஆயுதம். அதுவும் குழலின் வெளிப்புறத்தை மட்டும் அளவாகச் சூடாக்கினால் அது விரிந்து திருகுக்கு இடம் விடும். சிவக்கக் காய்ச்சினால் இரும்பின் பதமே கெட்டுப்போகும். அதற்கும் மசியாத திருகைக் கடைசல் இயந்திரத்தில் வைத்துக் குடைந்து எடுத்து, புதிது செய்து போடுவார்கள்.

சட்டமும் உண்டு

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருக்க மட்டுமல்ல, அதைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் லைசென்ஸ் வேண்டும். ஊர்க் கொல்லர் எத்தனை கெட்டிக்காரரானாலும் இந்த வேலை அவருடையது அல்ல.

நான் விடைபெறும்போது, ஒன்பது நாளாக எண்ணெயில் ஊறிய ஒரு குழலை மிஸ்திரி வைஸில் மாட்டினார். ஒரே இழுப்பு. சின்னதாக ஒரு 'கிறீச்'. திருகு சுழன்று கையோடு வந்தது. "பார்த்தீர்களா?" என்பதுபோல் என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்து தானாக வந்த வார்த்தை: "ஜோர்!"

அவருக்கு அர்த்தம் புரியவில்லை. நம் பாஷையில் அது பாராட்டு என்று விளக்கினேன். சிரித்துக்கொண்டே அடுத்த குழலுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

அன்றிரவே அத்தானுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பத்து நாள் பொறுத்திருந்தால் போதுமா, மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.