களிம்பு என்னுஞ் சொல்

களிம்பு என்பது இக்காலத்து மேற்பூச்சு மருந்தினையும் உணர்த்துமாயினும், சித்தாந்த நூல்களிற் பயின்றது செம்பிற் பற்றும் பச்சையே. ஈரமும் காற்றின்கணுள்ள கரியமிலவாயுவுங் கூடச் செம்பின் காரக் கார்பனேட்டாகவும், காடி கூட அசிட்டேட்டாகவும் அஃது உண்டாம். பின்னது ஐரோப்பிய ஓவியர்க்குப் பச்சை வண்ணமாயிற்று.

திருமந்திரம் மலத்தைக் களிம்பென்றது. புறப்பொருளாற் பின்னுண்டாங் களிம்பு, அநாதியாகிய ஆணவமலத்திற்கு உவமையாதல் யாங்ஙனமெனின், காற்றும் நீரும் பொன்னையுஞ் சூழ்வனவே, பொன் களிம்பேறுவதன்று. ஆதலின் களிம்பேறுந் தன்மை செம்பின்கண் உடனுள்ளது. காற்றும் நீரும் அதனை வெளிப்படுத்துந் துணைகளே. புளியிட்டுத் துலக்கிய செம்பு நாளடைவில் மீளவும் பச்சை பூத்தல் இதற்குச் சான்று.

இதுபற்றியே நூலோர், மலநீக்கத்திற்கு இரசகுளிகையாற் செம்பு களிம்பறுதலை உவமை கூறினர். செம்பு பொன்னாமென்னும் இரசவாதம் வேதிநூலார்க்கு உடன்பாடன்று. ஆயினும், புறத்தே துலக்குதல் போதாது, களிம்பேறுந் தன்மையே கெடல்வேண்டும் என்னும் உவமைப்பொருள் வழுவாது நிற்குமென்க.