குளிருக்கு ஏற்ற தேனீப் பெட்டி

ஜெர்மனியின் குளிரில் தேனீ பிழைக்குமா என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். தாராளமாகப் பிழைக்கும். பனிக்காலத்தில் தேனீக்கள் பெட்டி முழுவதையும் சூடாக்குவதில்லை. ஒன்றோடொன்று நெருங்கிப் பந்தாகத் திரண்டு, இறக்கைத் தசைகளை அதிரவைத்து, அந்தத் திரளை மட்டும் கதகதப்பாக வைத்துக்கொள்கின்றன. அதற்கு எரிபொருள் தேன். ஒரு கூட்டம் குளிர்காலத்தைத் தாண்ட 15 முதல் 20 கிலோ வரை தீவனம் வேண்டும்.

குளிரைவிட ஈரம்தான் ஆபத்து. தேனீக்களின் மூச்சிலிருந்து வரும் நீராவி சில்லென்ற மூடியில் பட்டு நீராகி, அவற்றின் மேலேயே சொட்டும். ஆகவே பெட்டி செய்பவர் முதலில் கவனிக்க வேண்டியது கூரையை.

பிரான்ஸின் எமில் வாரே பாதிரியார் வடிவமைத்த பெட்டியில் இதற்கு வழி இருக்கிறது. ஓர் அடுக்கின் உள்ளளவு 30க்கு 30 சென்டிமீட்டர், உயரம் 21. அதில் 8 குச்சிகள். சட்டம் கிடையாது, குச்சியிலிருந்து தேனீக்களே அடையைத் தொங்கக் கட்டும். உச்சியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரத்தூளோ வைக்கோலோ நிரப்பிய தட்டு. அதன் அடியில் கோணித்துணி. ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும், சூட்டை விடாது. புது அடுக்கைக் கீழே சேர்ப்பதால் தேனீக்கள் அடை கட்டிக்கொண்டே இறங்கும். மேலே சேர்ந்த தேனைக் குளிர்காலத்தில் சாப்பிடும்.

ஜெர்மானியர்களுக்குச் சொந்த வடிவங்களும் உண்டு. லூனபர்க் புதர்வெளியில் வைக்கோல் கூடைக்கு மாட்டுச் சாணம் பூசித் தேனீ வளர்த்தார்கள். ‘பீனன்கிஸ்டே’ என்பது படுக்கைவாட்டில் வைக்கும் நீளப் பெட்டி. முன்னால் புழு அறை, பின்னால் தேன் அறை. தூக்கி நிறுத்தி அடிப்பக்கமாகத் திறந்து பார்க்கலாம்.

எதைச் செய்தாலும் வர்ரோவா உண்ணியை மறக்கக் கூடாது. ஆசியத் தேனீயிடமிருந்து ஐரோப்பியத் தேனீக்குத் தாவிய இந்த உண்ணி 1970களில் ஜெர்மனிக்கு வந்தது. அடித்தட்டில் கம்பி வலை பதித்து, அதன் கீழே இழுத்துப் பார்க்கும்படி ஒரு பலகை வையுங்கள். விழும் உண்ணிகளை அதில் எண்ணலாம். கோடை முடிவில் ஃபார்மிக் அமிலம், புழு இல்லாத நடுக்குளிரில் ஆக்சாலிக் அமிலம் என்று மருந்து போட வழியில்லாத பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை, தடித்த பலகையில் செய்த வாரே பெட்டி. ரம்பத்தை எடுக்கும் முன் உள்ளூர்த் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் சேர்ந்து ஒரு பருவம் கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள். தேனீ வந்ததும் கால்நடை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அது சட்டப்படி கட்டாயம்.