மேலாண்மை, தொடர்பியல் கல்வியில் பணியனுபவத்தின் இடம்: ஆஸ்திரியப் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களை முன்வைத்து

முன்னுரை

மேலாண்மையும் தொடர்பியலும் தொழிலுலகோடு நெருங்கிய துறைகள். அவற்றைக் கற்பிக்கும் பல்கலைக்கழகம் தொழிலுலகிலிருந்து விலகி நின்றால் கல்வி ஏட்டளவில் நின்றுவிடும். அதனோடு முற்றிலும் ஒன்றிவிட்டால் வேலைப் பழக்கமாகச் சுருங்கிவிடும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஆஸ்திரியாவின் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள் வகுத்துக்கொண்ட வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்வியமைப்பு

இந்நிறுவனங்கள் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவாயின. முதல் படிப்புகள் 1994இல் தொடங்கின. இளநிலைப் படிப்பு பொதுவாக ஆறு பருவங்களும் 180 கிரெடிட்டுகளும் கொண்டது. அதில் பணிப்பயிற்சி கட்டாயமாகும். பணியில் இருப்போர் மாலையிலும் வார இறுதியிலும் பயிலத்தக்க படிப்புகளும் உள்ளன. ஆசிரியர்களுள் பலர் தம் தொழிலைத் தொடர்ந்தவாறே கற்பிப்பவர்கள். மரபான பல்கலைக்கழகங்களைப் போல முனைவர் பட்டம் வழங்கும் உரிமை இவற்றுக்கு இல்லை.

அனுபவம் அறிவாதல்

பணிப்பயிற்சி தானாகவே கல்வியாகிவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனத்தின் உள்செய்தி மடலைப் பணியாளர்கள் படிப்பதில்லை எனக் கொள்வோம். மடலின் வடிவத்தை மாற்றுமாறு பயிற்சி மாணவரிடம் நிறுவனம் கேட்கலாம். பணியாளர்கள் தமக்கு வேண்டிய செய்தியை எவரிடமிருந்து பெறுகின்றனர், மேலிடத்துச் செய்தியை ஏன் நம்புவதில்லை என வினவுவது வகுப்பறையின் பணி. முதலாவது வினாவுக்குத் திறன் போதும். இரண்டாவதற்குக் கோட்பாடும் ஆய்வுமுறையும் தேவை. பயிற்சியில் கண்ட சிக்கல் ஆய்வேட்டின் பொருளாக மாறும்போதே இவ்விரண்டும் இணைகின்றன.

தன்னுரிமை குறித்த வினா

வியன்னாவில் மேலாண்மைக்கும் தொடர்பியலுக்கும் உரிய பல்கலைக்கழகம் அந்நகரப் பொருளாதாரச் சபையின் சார்பில் இயங்குகிறது. அச்சபை, வணிகம் செய்வோர் சட்டப்படி உறுப்பினராகும் அமைப்பாகும். தொழிலுலகின் தேவைகள் பாடத்திட்டத்தை விரைவில் எட்டுவதற்கு இவ்வுறவு துணைபுரிகிறது. ஆயின் அங்கே இதழியலும் கற்பிக்கப்படுகிறது. இதழியல் மாணவர் வணிக நிறுவனங்களை நோக்கி வினா எழுப்பவும் கற்க வேண்டியவர். எனவே, பாடத்தை எவர் தீர்மானிப்பது என்பது இன்றியமையாத வினாவாகிறது.

சட்டம் இதற்கு ஒரு தடுப்பை அமைத்துள்ளது. நிறுவனத்தை நடத்தும் அமைப்பு நிதியையும் நிர்வாகத்தையும் கவனிக்கிறது. கற்பித்தலும் தேர்வும் கல்விக்குழுவின் பொறுப்பில் உள்ளன. அக்குழுவில் துறைத்தலைவர்கள், ஆசிரியர்கள் ஆகியோருடன் மாணவப் பிரதிநிதிகளும் இடம்பெறுகின்றனர்.

முடிவுரை

செயல்முறைக் கல்வியின் தரத்தை மாணவர் நிறுவனத்தில் கழித்த மாதங்களைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. அங்கிருந்து அவர் கொண்டுவரும் வினாவுக்கு வகுப்பறை எவ்வளவு இடமளிக்கிறது, அவ்வினா நிறுவனத்துக்கு உவப்பற்றதாக இருப்பினும் அதைத் தொடரும் உரிமை அவருக்கு உண்டா என்பனவே உரிய அளவுகோல்கள். பணிப்பயிற்சியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கும் எந்தப் பல்கலைக்கழகமும் இவ்விரண்டையும் உடன் உறுதிசெய்தல் வேண்டும்.